ஒரு தவணைக் காலம்



என் தந்தையார் கோத்தகிரிக்கு அருகே சிறிதளவு நிலம் வைத்து உருளைக்கிழங்கு பயிரிட்டுவந்தார். அறுவடை முடிந்ததும் மூட்டைகள் லாரியில் ஏறி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும். ஒருமுறை என்னையும் உடன் அழைத்துச் சென்றார். விடியுமுன்னே மண்டியில் கூட்டம். தரகர் ஒருவர் எங்கள் மூட்டையில் கைவிட்டு நான்கு கிழங்குகளை எடுத்து ஒரு கூடையில் போட்டுக்கொண்டார். அது மாதிரிக்காம். பிறகு கழிவு என்று சிலவற்றைத் தள்ளினார். சாக்கு எடை என்று கொஞ்சம் குறைத்தார். கூலி, மகமை என்று மேலும் குறைத்தார். விலையைத் துண்டின் மறைவில் விரலைத் தொட்டுப் பேசிக்கொண்டார்கள். விற்பவருக்கு அந்த விரல் மொழி தெரியாது. திரும்பும் வழியில் தந்தையார் ஒரு சொல்லும் பேசவில்லை. கல்லாறு தாண்டிய பின்பு, "இதையெல்லாம் கேட்க ஓர் ஆள் வேண்டுமடா" என்று மட்டும் சொன்னார்.

அவ்வாறு கேட்க வேண்டியவராக நீலகிரி மக்கள் 1967ஆம் ஆண்டில் தில்லிக்கு அனுப்பிய ஒருவரை முன்வைத்தே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அவர் எம். கே. நஞ்ச கௌடர், மலையின் உழுகுடிகளான படகர் மரபினர். ஒரே ஒரு மக்களவையில், அதுவும் முழுத் தவணையும் முடியாத ஒன்றில், சுதந்திராக் கட்சியின் உறுப்பினராக வீற்றிருந்தார். பாட நூல்களில் இத்தகையோரின் பெயரை நீங்கள் தேடினாலும் பெரும்பாலும் கிடைக்காது. பிரதம மந்திரிகளின் வரலாற்றைப் படித்துவிட்டு மக்களாட்சியின் வரலாற்றைப் படித்துவிட்டோம் என்று எண்ணுவது எனக்கு உடன்பாடானதன்று. ஐந்நூற்றிருபது இருக்கைகளில் ஓர் இருக்கையில் அமர்ந்தவரின் காலத்தை அவருடைய மலையிலிருந்து பார்த்தால், அதே வரலாறு வேறு விதமாகத் தெரியும்.

முதலில் அந்த மலையைப் பாருங்கள். 1819இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் மேலேறி வந்தபோது தோடர் எருமை மேய்த்துக்கொண்டிருந்தனர். கோத்தர் இரும்பையும் மண்ணையும் பாண்டங்களாக்கிக்கொண்டிருந்தனர். குறும்பரும் இருளரும் காட்டுச் சரிவுகளில் வாழ்ந்தனர். சில நூற்றாண்டுகளுக்கு முன் வடக்கே மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய படகர், தங்கள் ஹட்டிகளைச் சுற்றி ராகியும் சாமையும் விதைத்திருந்தனர். 'வடக்கர்' என்பதே 'படகர்' ஆயிற்று என்பர். சல்லிவனுக்குப் பின் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் காரட்டும் வந்தன. வெள்ளையரின் சாப்பாட்டு மேசைக்கென்று வந்த காய்கள் உழவரின் வாழ்வாயின. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ரயில் ஏறிற்று. 1908இல் அது உதகையை அடைந்தது. சாமை விதைத்தவன் தன் வீட்டுக்கு விதைத்தான். உருளைக்கிழங்கு விதைத்தவன் சந்தைக்கு விதைத்தான். சந்தை வந்தவுடன் தரகரும் வந்தார்.

இதற்கு முதலில் விடை தேடியவர் ஒரு சட்டமன்ற உறுப்பினரே. குன்னூருக்கு அருகிலுள்ள ஹுப்பத்தலையைச் சேர்ந்த ராவ் பகதூர் எச். பி. ஆரி கௌடரை மலையில் அறியாதார் இல்லை. சென்னைச் சட்டசபையில் மலைமக்களுக்காக வாதாடியவர். 1933இல் ஹங்கேரி நாட்டில் நடந்த உலகச் சாரணர் பெருவிழாவுக்கு இந்தியக் குழுவை நடத்திச் சென்றவர். எனினும் அவர் செய்தவற்றுள் தலையாயது என்று நான் கருதுவது, 1935இல் தோன்றிய நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தை நெடுங்காலம் தலைவராக இருந்து வளர்த்ததே. துண்டின் மறைவில் விரல் தொட்டுப் பேசிய விலை, சங்கத்தின் ஏலத்தில் உரக்கக் கூவும் விலையாயிற்று. சிறிய மாற்றமாகத்தான் தோன்றும். கண்ணுக்குத் தெரியும் விலைக்கும் தெரியாத விலைக்கும் உள்ள வேற்றுமை, மண்டியில் நின்று பார்த்தவர்களுக்கே விளங்கும்.

மலையின் குரல் தில்லியில் ஒலித்தது நஞ்ச கௌடரோடு தொடங்கியதன்று. அரசியல் நிர்ணய சபையில் உதகையைச் சேர்ந்த வி. ஐ. முனுசாமி பிள்ளை இருந்தார். தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த அவர், 1937இல் ராஜாஜியின் மந்திரிசபையில் விவசாய மந்திரியாகவும் இருந்தவர். 1957இல் நீலகிரித் தொகுதியின் உறுப்பினரானவர் சி. நஞ்சப்பன். 1962இல் காங்கிரஸ் சார்பில் வென்ற அக்கம்மா தேவி, படகர் குலப் பெண்களில் முதல் பட்டதாரி. பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்புவதே அரிதாயிருந்த மலையிலிருந்து ஒரு பெண்மணி பார்லிமெண்டுக்குச் சென்றது பற்றித் தனியாகவே ஒரு பேச்சு நிகழ்த்தலாம். இன்று அதற்கு நேரமில்லை.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். நம் அரசியல் சட்டப்படி விவசாயம் மாநிலத்தின் பொறுப்பு. அப்படியிருக்க, உழவன் ஏன் தில்லிக்குப் போக வேண்டும்? சென்னை போதாதா?

நியாயமான கேள்வி. ஆனால் மலை உழவனுக்குச் சென்னை போதாது. தேயிலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1953ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டப்படி, எங்கே பயிரிடுவது, எவ்வளவு பயிரிடுவது, எப்படி ஏற்றுமதி செய்வது என்பனவெல்லாம் மத்திய சர்க்காரின் கைக்குச் சென்றன; தேயிலை வாரியம் 1954இல் அமைந்தது. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டபோது தேயிலைக்கு ஏற்றுமதி வரி விதித்ததும் தில்லியே. மறு ஆண்டு நவம்பரில் பிரிட்டன் பவுனின் மதிப்பைக் குறைத்தது. இலங்கையும் தன் ரூபாயின் மதிப்பைக் குறைத்துக்கொண்டது, இந்தியா குறைக்கவில்லை. அதனால் லண்டன் ஏலத்தில் இலங்கைத் தேயிலைக்குக் கிடைத்த வசதி நம் தேயிலைக்குக் கிடைக்கவில்லை. குன்னூர்ச் சரிவில் கொழுந்து கிள்ளும் பெண்ணுக்கு இவையெல்லாம் தெரியாமலிருக்கலாம். ஆனால் அவள் கூடையின் விலை அங்கேதான் முடிவாயிற்று.

உருளைக்கிழங்குக்கு நேர்ந்தது இன்னும் கொடியது. 1961இல் உதகையை ஒட்டிய நிலங்களில் ஒரு நூற்புழு கண்டறியப்பட்டது. செடியின் வேரில் பொன்னிற முத்துகளைப்போல் ஒட்டிக்கொண்டு கிழங்கைச் சிறுக்கச் செய்யும் அப்புழு, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையைத் தாயகமாகக் கொண்டது. உருளைக்கிழங்கின் தாயகமும் அதுவே. கிழங்கு சென்ற வழியில் புழுவும் சென்றது. அதன் கூடுகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒரு வருஷம் பயிரிடாமல் விட்டால் போய்விடும் என்பதில்லை. 1971இல் நீலகிரி விதைக் கிழங்கை வெளியே அனுப்பக் கூடாதென்று தடை வந்தது. நாட்டின் மற்றப் பகுதிகளைக் காப்பாற்ற அத்தடை தேவையானதுதான். ஆயினும் விதைக் கிழங்கு விற்றுப் பிழைத்தவனுக்கு அது சோற்றுக்கு இட்ட தடை. பயிர்த் தொற்றுத் தடை பற்றிய சட்டமும், 1914 முதலே, மத்திய சர்க்காரின் சட்டம்.

ஆகவே கேட்க வேண்டிய ஆள் தில்லியில்தான் இருக்க வேண்டியிருந்தது.

1967 பிப்ரவரித் தேர்தலை உங்கள் தாத்தாமார் மறந்திருக்க மாட்டார்கள். அரிசிப் பஞ்சம், 1965இன் மொழிப் போராட்டம், விலைவாசி ஆகிய மூன்றும் சேர்ந்து ஆளுங்கட்சியை வீழ்த்தின. அண்ணாதுரை தி.மு.க. தலைமையில் அமைத்த கூட்டணியில் ராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் இருந்தது. அப்போது சென்னை மாநிலம் என்று வழங்கிய நம் மாநிலத்தின் 39 இடங்களில் தி.மு.க. 25, சுதந்திரா 6, காங்கிரஸ் 3. அந்த ஆறில் ஒன்று நீலகிரி. இந்தியா முழுவதும் 44 இடங்கள் பெற்று, எதிர்க்கட்சிகளில் பெரியதாகச் சுதந்திராக் கட்சி மக்களவையில் அமர்ந்தது.

சுதந்திராக் கட்சி என்றால் மன்னர்களின் கட்சி, ஆலை முதலாளிகளின் கட்சி என்றே பலரும் எழுதிவிட்டார்கள். அதில் உண்மையில்லாமல் இல்லை. வடக்கே பல சமஸ்தான மன்னர்கள் அதன் கொடியின்கீழ் நின்றார்கள். ஆனால் அது பிறந்த காரணம் நிலம். 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, உழவர் தத்தம் நிலங்களை ஒன்றாகச் சேர்த்துக் கூட்டாகப் பயிரிடும் முறையே வருங்காலத்து வழி என்று தீர்மானித்தது. அதை எதிர்த்துக் கிளம்பியவர்களில் ராஜாஜியோடு முன்னின்றவர், வாழ்நாளெல்லாம் உழவர் இயக்கத்தில் உழைத்த ஆந்திரத்து என். ஜி. ரங்கா. அவரே கட்சியின் முதல் தலைவரானார். உழுபவனின் நிலம் அவனுடையதாகவே இருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

இங்கே ஒரு முரண் இருப்பதாக உங்களுக்குத் தோன்றலாம். நீலகிரி உழவனைத் தரகரிடமிருந்து மீட்டது கூட்டுறவு. அவனுடைய பிரதிநிதியோ கூட்டுறவை எதிர்த்த கட்சியில் இருக்கிறார்! எனக்கும் இது நெடுநாள் புதிராகவே இருந்தது. பின்னர்தான் விளங்கிற்று. விற்பதற்கும் உரம் வாங்குவதற்கும் கடன் பெறுவதற்கும் சேரும் கூட்டுறவு வேறு. வரப்பை அழித்து நிலத்தையே ஒன்றாக்கும் கூட்டுறவு வேறு. ஆரி கௌடரின் சங்கத்தில் சேர்ந்தவன் கிழங்கைக் கொடுத்தானேயன்றி நிலத்தைக் கொடுக்கவில்லை. மலையில் வரப்பு என்பது வெறும் எல்லைக் கோடும் அன்று. பாட்டன் கல்லடுக்கி, தந்தை மண் நிரப்பி, மழை அரித்ததை மகன் மீண்டும் அணைத்து எழுப்பிய படிக்கட்டு அது. அதை விட்டுக்கொடு என்றால் அவன் எளிதில் இசைவானா?

இந்த அச்சம் வெறும் கற்பனையா என்றால், பாதி கற்பனை, பாதி உண்மை என்பேன். கூட்டுப் பண்ணை முறை நம் நாட்டில் ஓங்கி வளரவே இல்லை. அந்த வகையில் அச்சம் மிகையானது. ஆனால் 1964இல் வந்த பதினேழாவது அரசியல் சட்டத் திருத்தம் நேரே ரயத்துவாரி நிலத்தைத் தொட்டது. ஜமீன்தாரின் 'எஸ்டேட்' என்பதற்கு இருந்த பொருளை விரித்து, சர்க்காருக்கு நேரே தீர்வை செலுத்தும் குடியானவனின் பட்டா நிலத்தையும் அதற்குள் கொண்டுவந்தது. சென்னை, கேரள மாநிலங்களின் நில உச்சவரம்புச் சட்டங்களை நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியதே அத்திருத்தத்துக்குக் காரணம். நிலமற்றவனுக்கு நிலம் வேண்டும் என்ற நியாயம் ஒரு பக்கம். தன் கையால் உழும் சிறு நிலத்துக்காரனின் அச்சம் மறு பக்கம். திருத்தத்திலேயே ஒரு காப்பும் வைத்தார்கள்: உச்சவரம்புக்கு உட்பட்டு ஒருவன் தானே பயிரிடும் நிலத்தை எடுத்தால், சந்தை விலைக்குக் குறையாமல் ஈடு தர வேண்டும். அந்த வரியை எத்தனை உழவர் அறிந்திருப்பார்கள்! சட்டம் அச்சான மொழி வேறு, அவர்கள் பேசிய மொழி வேறு.

வாக்குப் பெட்டிகளைத் திறந்து எண்ணிக் களைத்திருந்த நாட்களில், 1967 பிப்ரவரி 27ஆம் தேதி, கோலக்நாத் வழக்கின் தீர்ப்பு வெளிவந்தது. பஞ்சாபில் ஒரு குடும்பத்தின் விவசாய நிலம் பற்றிய வழக்கு அது. அடிப்படை உரிமைகளைக் குறைக்கப் பார்லிமெண்டுக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் ஒரே ஒரு நீதிபதியின் பெரும்பான்மையில் கூறிற்று. நஞ்ச கௌடர் புகுந்த நான்காவது மக்களவையின் தலைமேல் அந்தத் தீர்ப்பு தொங்கிக்கொண்டே இருந்தது. நிலத்துக்காகத் தோன்றிய கட்சியின் உறுப்பினர்கள், நிலம் பற்றிய பெருவழக்கு நாடெங்கும் பேசப்படும்போது சபையில் அமர்ந்திருந்தார்கள்.

அந்தச் சபை கண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1967 டிசம்பரில் ஆட்சிமொழித் திருத்தச் சட்டம். 1968இல் நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிட்ட சட்டம். அது 1969 ஜனவரி 14ஆம் நாள், பொங்கல் திருநாளில், நடைமுறைக்கு வந்தது. 1969 ஜூலையில் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமை. நவம்பரில் காங்கிரஸ் இரண்டாகப் பிளவு. 1970 செப்டம்பரில் மன்னர் மானிய ஒழிப்பு மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் ஒரு வாக்குக்கும் குறைவான பின்னத்தில் தோற்றது. அந்த ஆண்டு டிசம்பர் 27ஆம் தேதி மக்களவை கலைக்கப்பட்டது. சுதந்திர இந்தியாவில் காலத்துக்கு முன்பே கலைக்கப்பட்ட முதல் மக்களவை அதுதான். நீலகிரி உறுப்பினரின் தவணை மூன்றே முக்கால் ஆண்டில் முடிந்தது.

அந்த நாட்களில் மலையில் நடந்தது என்ன? 1964இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஆகியிருந்தது. இலங்கைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர் கப்பலேறித் திரும்பத் தொடங்கினார்கள். அவர்களுக்கு வேலை தர 1968இல் சர்க்கார் தேயிலைத் திட்டம் நீலகிரியில் தொடங்கிற்று. பின்னாளில் 'டான்டீ' ஆனது அதுவே. காட்டுச் சரிவுகள் தேயிலைச் சரிவுகளாயின. 1969இல் கூடலூர் ஜன்மம் நில ஒழிப்புச் சட்டம் சென்னையில் நிறைவேறியது. நிலம்பூர்க் கோவிலகத்தின் ஜன்ம உரிமையில் இருந்த நிலங்களை ரயத்துவாரியாக்க வந்த அச்சட்டம் எத்தனையோ வழக்குகளுக்கு வித்திட்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சிறு விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளும் தொடங்கியிருந்தன. 1962இல் குந்தாவில் முதலாவது. கிழங்கில் புழு, கொழுந்துக்குத் தொழிற்சாலை. உழவன் வேறென்ன செய்வான்? கிழங்கு நிலத்தில் தேயிலை நட்டான். நூற்புழுவைத் தாங்கும் 'குப்ரி சுவர்ணா' என்ற கிழங்கு ரகம் 1985இல் வந்தபோது, பல படிக்கட்டு வயல்களில் தேயிலைச் செடி இடுப்பளவு வளர்ந்திருந்தது.

இத்தனை பெரிய மாற்றத்தினிடையே ஒரு தனி உறுப்பினர் எவ்வளவு செய்திருக்க முடியும்? இதை எண்ணும்போது அவர்மேல் எனக்கு ஒரு பரிவு உண்டாகிறது. அவருடைய தொகுதி மலை மட்டுமன்று. 1961இல் நீலகிரி மாவட்டத்தின் மக்கள்தொகை நான்கு லட்சத்துக்குச் சற்று மேல். ஒரு மக்களவைத் தொகுதிக்கு அது போதாது. ஆகவே சமவெளியின் பகுதிகளும் சேர்ந்திருந்தன. மேலே தேயிலை, கீழே பருத்தியும் வாழையும். மலைக்காரனுக்கு மண்டியில் நல்ல விலை வேண்டும். மண்டிக்காரனும் அவருடைய வாக்காளன்தான். ஐந்நூற்றிருபதில் ஒரு குரல். அதுவும் எதிர்க்கட்சி வரிசையில். வெற்றிக்குத் துணை நின்ற தி.மு.க.வும் அவர் கட்சியும் தில்லியில் வழி பிரிந்துபோயின. வங்கி நாட்டுடைமையைத் தி.மு.க. ஆதரித்தது, சுதந்திராக் கட்சி கடுமையாக எதிர்த்தது. ஒரே கூட்டணியில் வாக்குக் கேட்டவர்கள் சபையில் எதிரெதிர்ப் பக்கம் நின்றதைக் கண்டு வாக்களித்தவர்கள் என்ன நினைத்தார்களோ!

1971 மார்ச்சுத் தேர்தலில் நீலகிரி தி.மு.க.வின் ஜே. மாதா கௌடரைத் தேர்ந்தெடுத்தது. சுதந்திராக் கட்சிக்கு நாடெங்கும் கிடைத்தவை எட்டு இடங்கள். அடுத்த ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ராஜாஜி மறைந்தார். 1974இல் கட்சியே பாரதிய லோக் தளத்தில் கலந்து மறைந்தது. ஆரி கௌடரும் 1971இலேயே காலமாகிவிட்டார். மலையின் ஒரு தலைமுறை அந்த ஓரிரு ஆண்டுகளில் திரை மறைந்தது எனலாம். ஆரி கௌடரின் சங்கம் மட்டும் மேட்டுப்பாளையத்தில் ஏலம் கூவிக்கொண்டே இருந்தது. கட்சியைவிடச் சங்கம் நீண்டு வாழ்ந்தது என்று ஒரு நண்பரிடம் நான் சொன்னபோது, "கட்சிக்கு வேண்டியது வாக்கு; சங்கத்துக்கு வேண்டியது கிழங்கு. கிழங்கு ஆண்டுதோறும் விளைகிறதே!" என்றார். அவர் சொன்னதை நான் முழுதும் ஒப்பவில்லை. ஏற்றுமதி வரியைச் சங்கத்து ஏலத்தில் நீக்க முடியாது.

சில மாதங்களுக்கு முன் கோத்தகிரிக்குச் சென்றிருந்தேன். என் தந்தையார் கிழங்கு பயிரிட்ட நிலம் இப்போது வேறொருவரிடம் இருக்கிறது; முழுதும் தேயிலை. சாலையோரத்தில் தகரக் கூரை வேய்ந்த இலை நிறுவை இடம் ஒன்று. சிறு விவசாயிகள் கொழுந்து மூட்டைகளோடு வரிசையில் நின்றார்கள். 1990களின் இறுதியில் கொழுந்து விலை வீழ்ந்தபோது அவர்கள் பட்ட பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. விலை நிர்ணயம் வேண்டுமென்று அவர்கள் தொடர்ந்து கேட்டுவருகிறார்கள். நிறுப்பவர் தராசில் மூட்டையை ஏற்றி, ஈரத்துக்கென்று சிறிது கழித்து, ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். முதியவர் ஒருவர் அந்தச் சீட்டை எட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பின்பு என்னிடம் நீட்டி, "கண்ணாடி கொண்டுவரவில்லை. ஈரத்துக்கு எவ்வளவு கழித்திருக்கிறான், கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்" என்றார். படித்துச் சொன்னேன்.